தொண்டர் போன பின்பு துணை யார்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து பொன்முடிக்குப் போகும் சாலை, மலைமேல் ஏறும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தொடங்குவதற்கு முன்னால், உருண்டு தேய்ந்த பாறைகளுக்கிடையே ஓடிவரும் கல்லாற்றின் கரையைத் தொடுகிறது. ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இச்சிற்றூரைச் சுற்றிய காடுகளில் காணிக்காரர் எனப்படும் ஆதிவாசி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. மேலேயுள்ள பொன்முடி, போணக்காடு முதலிய இடங்களில், தேயிலைத் தோட்டங்களுக்காகப் பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து லயங்களில் குடியேறிய தொழிலாளரின் சந்ததியார் வாழ்கின்றனர். இயற்கை வாரி வழங்கியிருக்கும் செல்வமும் மனிதர் அநுபவிக்கும் வறுமையும் இவ்வளவு அருகருகே காணப்படும் இத்தகைய மலையடிவாரங்களைப் பார்க்கும் மேல்நாட்டு இளைஞர் ஒருவருடைய உள்ளத்தில், இங்குள்ள ஏழைக் குழந்தைகளுக்கோ அருகில் உள்ள ஓர் அனாதை இல்லத்துக்கோ சில வாரங்கள் உழைத்துவிட்டுப் போவோம், பாடம் சொல்லிக் கொடுப்போம், ஒரு வகுப்பறையோ கழிப்பறையோ கட்டிக் கொடுப்போம் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

அந்த எண்ணம் மனித குலத்தின் உயர்ந்த குணங்களில் ஒன்றான காருண்யத்திலிருந்து பிறக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், தர்மம் செய்பவரின் உள்ளத்தூய்மை ஒன்றே தர்மத்தைப் பயனுள்ளதாக்கிவிடாது என்பது நம் முன்னோர் அறிந்த உண்மை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்ற பழமொழி கொடுப்பவரின் விவேகத்தையும் சேர்த்தே கேட்கிறது. அனாதைக் குழந்தைகளுக்குச் செய்யும் சேவையில் இந்த விவேகம் இன்றியமையாதது. வந்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கிடுவது எளிது. அவர் போன பின்பு குழந்தையின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்பதுதான் சரியான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபு. இத்துணிபுக்குக் கல்லாற்றின் சுற்றுப்புறமும், அதற்கு அப்பாலுள்ள மலையின் கிழக்குச் சரிவும், உலகின் பிற பகுதிகளும் தரும் சான்றுகளை வரிசையாகப் பார்ப்போம்.

மலையின் கிழக்கே ஓர் இல்லம்

கல்லாற்றுக்கு மேலே எழும் அகத்தியமலைத் தொடர் தெற்கே நீண்டு செல்லும் வழியில், அதன் கிழக்கு அடிவாரத்தில், திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டுக்கு அருகே டோனாவூர் என்னும் கிராமம் இருக்கிறது. 1867இல் அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் இச்சீமையில் தங்கியிருந்தபோது, 1901ஆம் ஆண்டு, கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த ஒரு சிறுமி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கிய அப்பணி சில ஆண்டுகளுக்குள் டோனாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட பெரிய இல்லமாக வளர்ந்தது. கைக்குழந்தைகளுக்காக, திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில், மருத்துவ மிஷனின் அண்மையில், சில காலம் ஒரு விடுதியும் நடத்தப்பட்டது. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

இந்த ஸ்தாபனத்தின் அமைப்பில் நம் கவனத்துக்குரிய விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது, குழந்தைகளை நீண்ட கூடங்களில் வரிசையாகப் படுக்க வைக்காமல், ஓடு வேய்ந்த சிறு வீடுகளில் குடும்பம் போல வகுத்து வைத்து, பொறுப்பை இந்நாட்டுப் பெண்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் குழந்தைகளுக்கு அக்காமார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி என்றும், ஆண்கள் அண்ணாச்சி என்றும் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் சம்பளம் இன்றி உழைத்தார்கள், இந்நாட்டு உடையை உடுத்தினார்கள், தமிழைக் கற்றார்கள். இரண்டாவது, அம்மையாரின் காலம். 1895இல் வந்தவர், 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே உயிர் நீங்கும் வரையில், ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்ட பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையை விட்டு அகலாமலே அக்குழந்தைகளுக்கு அம்மாவாக இருந்தார்.

அவருடைய பணியை விமரிசனமின்றி ஏற்க வேண்டுமென்பதில்லை. குழந்தைகளின் சமயத்தை மாற்றிய மிஷனரி என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. குழந்தையைக் காப்பதும் அதன் சமயத்தை மாற்றுவதும் ஒன்றாகக் கலந்துவிடலாமா என்ற கேள்வி இன்றும் நியாயமானதே. ஆனால் சேவையின் முறை என்ற அளவில் டோனாவூர் ஒரு முக்கியமான படிப்பினையைத் தருகிறது. குழந்தை காலையில் கண் விழிக்கும்போது பார்க்கும் முகம், இரவில் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொடும் கை ஆகியவை ஆண்டுதோறும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதை அவ்வில்லம் தன் அமைப்பின் ஆதாரமாக வைத்துக்கொண்டது.

மலையின் மேற்கே ஒரு நிகேதனம்

மேற்குப் புறத்திலும், கல்லாறு இருக்கும் அதே நெடுமங்காட்டுப் பிரதேசத்தில், வேறொரு வகையான முயற்சி நடைபெற்றது. வெள்ளநாட்டைச் சேர்ந்த கே. விசுவநாதன் என்பவர் சாந்திநிகேதனத்தில் பயின்று, தாகூருடைய கல்விக் கொள்கையையும் காந்தியடிகளின் கிராம நிர்மாணக் கொள்கையையும் உள்வாங்கி, அமெரிக்காவுக்கும் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் சென்று அங்குள்ள சமுதாயக் கல்வி முயற்சிகளைக் கண்டு திரும்பி, 1956இல் தம் சொந்த ஊரிலேயே மித்ரநிகேதனத்தைத் தொடங்கினார். ஆதிவாசிக் குழந்தைகளும், ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளும், ஆதரவற்ற குழந்தைகளும் தங்கிப் படித்த அவ்விடத்துக்குப் பல தேசங்களிலிருந்து தொண்டர்கள் வந்து உழைத்தார்கள். டென்மார்க்கில் குருண்ட்விக் என்னும் அறிஞரின் சிந்தனையிலிருந்து தோன்றிய மக்கள் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1996இல் அங்கு ஒரு மக்கள் கல்லூரியும் ஏற்பட்டது. 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்ற விசுவநாதன் 2014இல் காலமானார்.

டோனாவூரில் அந்நியர் ஒருவர் இந்நாட்டவராகவே மாறிப்போனார். வெள்ளநாட்டில் இந்நாட்டவர் ஒருவர் உலகத்தைத் தம் ஊருக்கு அழைத்தார். முறைகள் வெவ்வேறாயினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்றுண்டு. வெள்ளநாட்டுக்கு வந்த வெளிநாட்டுத் தொண்டர், அங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்த ஒரு வாழ்க்கை முறையில் சில காலம் விருந்தினராகவும் மாணவராகவும் இருந்தார். அவர் வந்தாலும் வராவிட்டாலும் மாடு கறக்கப்படும், பள்ளி நடக்கும், குழந்தைகளுக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கிடைக்கும். தொண்டரின் வருகையை நம்பி நடக்காத ஸ்தாபனமே தொண்டரை வரவேற்கத் தகுதியுள்ள ஸ்தாபனம் என்பது இதிலிருந்து பெறப்படும் சித்தாந்தம்.

கட்டுவதற்கு வந்தவர்கள்

கட்டடப் பணியின் வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்றுகள் உண்டு. முதலாம் உலக யுத்தத்துக்குப் பின், 1920இல், பிரான்சிலே வெர்தூனுக்கு அருகே யுத்தத்தால் அழிந்த ஒரு கிராமத்தைச் செப்பனிடுவதற்காகப் பகை நாடுகளின் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு உழைத்த பியேர் செரஸோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளரே, இன்று உலகெங்கும் பரவியுள்ள சர்வதேசத் தொண்டு முகாம்களின் முன்னோடி. 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியபோது அவர் இந்தியாவுக்கு வந்தார்; 1937 வரையில் பலமுறை வந்து, கைவிரலால் எண்ணத்தக்க ஐரோப்பியத் தோழர்களோடு, முஜபர்பூர்ப் பகுதியின் மக்களுடன் சேர்ந்து புதிய கிராமங்களைக் கட்டினார். அங்கே வேலையின் கர்த்தாக்கள் கிராமத்தாரே. அந்நியர் உடனிருந்து மண் சுமந்தார்கள்.

இன்னும் நெருக்கமான உதாரணம் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், 1945இல் தொழுநோயாளருக்கான மிஷனின் கட்டடப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தவர். அதற்கு முன்பே, தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்ததாகவும், வீடு கட்டுவதற்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற அவரது கருத்தே தம் தொழிலுக்கு வழிகாட்டியதாகவும் அவர் கூறிவந்தார். இமயமலைப் பகுதியில் பித்தோராகட் மலையூரில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைபெற்று, பூந்துறையில் மீனவர்களுக்கு வீடுகளும் எண்ணற்ற ஏழை எளியவர்க்கு இல்லங்களும் கட்டி, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 2007இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

அவர் பரவலாக்கிய சுவரை ஒருகணம் அருகே நின்று பார்ப்பது நலம். செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்கும் வழக்கத்துக்கு மாறாக, அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, குறுக்குக் கற்களால் பிணைத்துக்கொண்டே போகும் இம்முறையில் கற்களில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது. நடுவிலுள்ள காற்று வெயிலின் கடுமையையும் தணிக்கிறது. இம்முறையை அவர் ஊர்க் கொத்தனார்களின் கைகளில் ஏற்றிவிட்டதனால், அவர் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும், அவரைக் கண்டறியாத கொத்தனார் ஒருவர் அதே சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறார். கட்டடத்தைவிடக் கட்டும் வித்தையை விட்டுச் செல்வதே பெருங்கொடை.

இதற்கு நேர்மாறானது, சில வாரத் தொண்டர்கள் கட்டும் கட்டடம். ஐரோப்பிய மாணவர்களுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது ஜூன் மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில்; கல்லாற்றிலோ அது இடவப்பாதி மழை கொட்டும் காலம். திடீரென வெள்ளம் பெருகும் ஆற்றங்கரையில், பூச்சு உலராத அம்மாதங்களில், செங்கல்லைப் பிடித்தறியாத கைகள் எழுப்பும் சுவரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஊரில் வேலையில்லாமல் மழைக்காலத்தைக் கழிக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், மழை விட்ட பின் நான்கு மாதக் கூலியாக அத்தொண்டரின் விமானக் கட்டணம் சென்றிருக்குமானால், சுவரும் நின்றிருக்கும். அவர்களுடைய பிள்ளைகள் விடுதியில் சேர வேண்டிய நிர்ப்பந்தமும் ஓரளவு குறைந்திருக்கும்.

அனாதைகள் உண்டாக்கப்படும் விதம்

இதுவரை கண்டவை நெடுங்காலம் நின்று செய்யப்பட்ட சேவைகள். ஆகாய விமானப் பயணம் எளிதான பின், யாத்திரையும் தொண்டும் கலந்த புதியதொரு வர்த்தகம் தோன்றிவிட்டது. கட்டணம் செலுத்தி, இரண்டு வாரமோ ஒரு மாதமோ அனாதை இல்லத்தில் தங்கி, குழந்தைகளோடு விளையாடி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இவ்வழக்கத்தின் விளைவைக் கம்போடியா தெளிவாகக் காட்டியது. 2005இல் அந்நாட்டில் 154ஆக இருந்த அனாதை இல்லங்கள் 2010இல் 269ஆகப் பெருகின. அதே காலத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் தொகை அவ்வாறு பெருகவில்லை. யூனிசெப்பின் துணையோடு நடந்த ஆய்வு, அவ்வில்லங்களிலிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதைக் கண்டறிந்தது. பார்க்க வருபவர் இருந்ததால் இல்லம் பெருகியது. இல்லம் பெருகியதால் அதை நிரப்பக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். படிப்பும் சோறும் கிடைக்குமென்று நம்பி ஏழைப் பெற்றோர் குழந்தைகளை அனுப்பினார்கள்.

நம் நாட்டின் நிலையும் மனநிம்மதி தருவதாக இல்லை. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2018இல் வெளிவந்தபோது, நாட்டிலுள்ள 9,500க்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் 3,70,000க்கும் அதிகமான குழந்தைகள் வாழ்வது தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தாய் அல்லது தந்தை ஒருவரை உடையவர்கள். இருவரையும் இழந்தவர்கள் அதைவிட மிகக் குறைந்தவர்களே. கணவனை இழந்து, வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய்க்கு, அனாதை இல்லம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்த பள்ளிக்கூடமாக இருக்கிறது. மாமல்லபுரத்தைப் போன்று வெளிநாட்டு யாத்திரிகர் கூடும் இடத்திலுள்ள அனாதை இல்லங்களில் குழந்தைகள் துன்புறுத்தப்படுவது பற்றி 2007இல் பத்திரிகையில் வந்த செய்தியே உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்காயிற்று. நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் 2017 மே மாதம் 5ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, எல்லா இல்லங்களும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றும் பணித்தது.

பிரிவின் வடு

நல்ல இல்லமாகவே இருந்தாலும், மாறிமாறி வரும் தொண்டர்களால் குழந்தைக்கு உண்டாகும் தீங்கு ஒன்றுண்டு. புதியவரைக் கண்டவுடன் ஓடிவந்து மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து, இது எவ்வளவு அன்பான குழந்தை என்று தொண்டர் உருகுகிறார். வீட்டில் வளரும் குழந்தை முன்பின் அறியாதவரைக் கண்டால் தாயின் முந்தானைக்குப் பின்னே ஒளியும். எவரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பு, நிலையான ஒருவரைப் பெறாத குழந்தையிடம் காணப்படும் ஒரு குறையின் அடையாளம் என்று உளநூலார் கருதுகின்றனர்.

ஜான் பௌல்பி என்ற ஆங்கில மருத்துவர், யுத்தத்தால் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், தாயோடோ தாய்க்கு நிகரான ஒருவரோடோ கொள்ளும் இடையறாத உறவு குழந்தையின் மனநலத்துக்கு அவசியம் என்று நிலைநாட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின், ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்டில், இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி, குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகள் அறிவிலும் உறவிலும் முன்னேறியதையும், அவர்களிலும் இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் மிகுந்த நன்மை பெற்றதையும் காட்டியது. இந்த ஞானத்தின் பயனாகவே 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று அனாதை இல்ல யாத்திரையை நவீன அடிமை முறையோடு தொடர்புடைய விஷயமாக விசாரித்தது; 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும், அனாதை இல்லங்களில் நடைபெறும் தொண்டர் திட்டங்களின் தீங்குகளைத் தடுக்குமாறு தன் தீர்மானத்தில் நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இக்குற்றம் மேல்நாட்டாருக்கு மட்டுமே உரியது என்று நாம் ஆறுதல் அடைந்துவிடலாகாது. பிறந்த நாளுக்கும் திதிக்கும் அனாதை இல்லத்துக்குச் சென்று ஒருவேளை அன்னமிடும் வழக்கம் நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது; அயல்நாடுகளில் வாழும் தமிழர் ஊருக்கு வரும்போதும் இதைத் தவறாமல் செய்கின்றனர். அன்னதானம் உயர்ந்ததே. ஆனால், அச்சோற்றுக்கு முன்னால் குழந்தைகள் வரிசையில் நின்று, முன்பின் அறியாத ஒருவருக்காகக் கைகூப்பி வாழ்த்துப் பாட வேண்டியிருக்கிறது. பந்தி முடிந்ததும் கூட்டம் கலைகிறது. தன் பிறந்த நாளை நினைவில் வைத்திருக்க ஒருவருமில்லாத குழந்தை, பிறருடைய பிறந்த நாட்களுக்கு மாதந்தோறும் பாட்டுப் பாடுவதைவிட மனத்தை வருத்தும் காட்சி வேறில்லை. பெயரின்றிப் பணத்தை அனுப்பினாலும் அதே சோறு பந்தியில் பரிமாறப்படும்.

கல்லாற்றுக்கு வருபவர் செய்யத்தக்கது

அப்படியானால் அந்நியர் எவரும் வரவே கூடாதா? அவ்வாறு சொல்வது, டோனாவூரையும் வெள்ளநாட்டையும் பூந்துறையையும் மறப்பதாகும். வரலாம், ஆனால் குழந்தையின் அன்பைப் பெற வருவதை விட்டு, குழந்தையை வளர்ப்பவரின் கையை வலுப்படுத்த வரவேண்டும்.

கல்வியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக் குழந்தை வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கிறது; காணிக்காரர் குழந்தையும் வீட்டுப் பேச்சிலிருந்து வேறான பாடநூல் மொழியைப் பயில்கிறது. இவ்விரண்டையும் அறியாத தொண்டர் மூன்றாவதாக ஆங்கில நெடுங்கணக்கைத் தொடங்குகிறார்; அடுத்த மாதம் வருபவரும் அதையே மறுபடி தொடங்குகிறார். குழந்தை எழுத்தைக் கடந்து சொல்லுக்குப் போவதில்லை. அதே தொண்டர் உண்மையில் ஆசிரியத் தொழில் பயின்றவராயின், உள்ளூர் ஆசிரியர்களோடு ஒரு பருவம் இருந்து, அவர்கள் வகுப்பில் என்றும் பயன்படுத்தத்தக்க முறைகளை அவர்களிடமே விட்டுச் செல்லலாம். செவிப்புலன் குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி பெற்றவர், ஊனமுற்ற குழந்தைகளுக்கு உடற்பயிற்சி சிகிச்சை அளிப்பவர் போன்றோரின் திறமை இம்மலைப் பகுதிக்கு அரியது. அதை ஒரு குழந்தைக்கு அளிப்பதைவிட, அக்குழந்தையின் தாய்க்கும் செவிலிக்கும் கற்பிப்பது நெடுநாள் நிற்கும்.

வருபவர் இங்குள்ள ஞானத்துக்கும் தலைவணங்க வேண்டும். கல்லாற்றுக் காட்டில் வாழ்ந்து, நாட்டு மருத்துவத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்ற காணிக்காரப் பெருமாட்டி லட்சுமிக்குட்டி அம்மையின் மூலிகை அறிவு எந்த அந்நியப் பாடநூலிலும் இல்லை. இப்பகுதிக் குழந்தைக்குத் தன் பாட்டியின் வித்தை இழிந்ததென்று தோன்றும்படி செய்யும் கல்வி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு தரப்பட்டாலும், அக்குழந்தையை இரண்டாம் முறை அனாதையாக்குவதாகும்.

பணம் கொடுக்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. பெற்றோரை இழந்தும் உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகளின் படிப்புக்காகக் கேரள அரசு ஸ்நேகபூர்வம் என்ற திட்டத்தை ஏற்படுத்தி, வகுப்புக்குத் தக்கபடி மாதம் 300 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை உதவித்தொகை வகுத்தது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்திலும், குழந்தை குடும்பத்திலேயே வளர்வதற்காக மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. குழந்தையை இல்லத்துக்கு அனுப்பாமல் பாட்டியிடமோ மாமனிடமோ வைத்து வளர்க்க உதவும் இத்தகைய முறையைப் பின்பற்றும் ஸ்தாபனங்களுக்கு அளிக்கும் பொருள், அனாதை இல்லத்தின் புதிய மாடிக்கு அளிக்கும் பொருளைவிட ஆழமாக வேலை செய்யும். குடும்பமே இல்லாத குழந்தைகள் உண்டு; கொடிய குடும்பத்திலிருந்து மீட்கப்பட வேண்டியவர்களும் உண்டு. அவர்களுக்கு இல்லங்கள் தேவை. அவை சிறியனவாகவும், சட்டப்படி பதிவு பெற்றனவாகவும், ஆண்டுக்கணக்கில் மாறாத அன்னையரைக் கொண்டனவாகவும் இருக்க வேண்டும். அத்தகைய அன்னையருக்குத் தகுந்த ஊதியமும் ஓய்வும் கிடைக்கச் செய்வது, தொண்டர் செய்யக்கூடிய கைங்கரியங்களில் தலையாயது. புகைப்படத்தில் விழாத காரணத்தால் அதுவே அதிகமாகப் புறக்கணிக்கப்படுகிறது.

ஆகவே, பெட்டியைக் கட்டுமுன் தொண்டர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வில்லத்திலுள்ள குழந்தைகளுக்கு உறவினர் உண்டா, அவர்களோடு சேர்த்து வைக்க இல்லம் முயல்கிறதா? யார் வேண்டுமானாலும் சான்று காட்டாமல் குழந்தைகளோடு தங்கலாம் என்று அனுமதிக்கிறதா? நான் செய்யப்போகும் வேலையைச் செய்ய இவ்வூரில் ஆள் இல்லையா? நான் திரும்பிய மறுநாள் அந்த வேலையைத் தொடர்பவர் யார்? முன்னிரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை அளிக்க மறுக்கும் இல்லத்துக்கு எவரும் போகலாகாது. பின்னிரண்டுக்கும் தம்மிடம் விடை இல்லாதவர், பயணச் செலவை அப்படியே அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதே சிறந்த சேவை. விடை உள்ளவரை, எத்தேசத்தவராயினும், இம்மலைநாடு மனமுவந்து வரவேற்கும். அவர் மொழியைக் கற்று, காலத்தைக் கொடுத்து, பொறுப்பை இவ்வூராரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லும்போது, அவர் இல்லாமலே நடக்கும் ஒரு நற்பணியே அவருடைய சேவைக்குச் சாட்சியாகும்.